எச்.பி.வி. பாசிட்டிவ் வந்த பிறகு கணவனும் மனைவியும் கேட்கிற கேள்விகள்

பெண்கள் நலப் பிரிவில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பெஞ்சில் சற்று உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

சிஸ்டர், எச்.பி.வி.ன்னா எச்.ஐ.வி.யா?

இல்லை. பெயர் காதில் ஒரே மாதிரி விழுவதால் வருகிற பயம் இது. எச்.ஐ.வி. ரத்தத்தில் இருந்துகொண்டு உடம்பின் எதிர்ப்பு சக்தியை அழிக்கிற வைரஸ். எச்.பி.வி. ரத்தத்தில் சுற்றுவதே இல்லை. தோலிலும், பிறப்புறுப்பு, ஆசனவாய், தொண்டை போன்ற இடங்களின் ஈரமான மேல் படலத்திலும் மட்டும் இருக்கும். முழுப்பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். கையில், பாதத்தில் வருகிற சாதாரண மருவும் இதே குடும்பத்து வைரஸ்தான்.

இந்தக் குடும்பத்தில் 200க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 40 வகைகள் பிறப்புறுப்புப் பகுதியில் வரும். அவற்றிலும் ஒரு டஜன் சொச்சம்தான் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. வகைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 16, 18 இரண்டும் சேர்ந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது.

பாசிட்டிவ்னு வந்திருக்கு. அப்போ எனக்குப் புற்றுநோயா?

இல்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து சாம்பிள் எடுத்துச் செய்கிற எச்.பி.வி. டெஸ்ட் புற்றுநோயைத் தேடுவதில்லை, வைரஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் தேடுகிறது. உடலுறவு வாழ்க்கை உள்ள ஏறக்குறைய எல்லோருக்குமே ஆயுளில் ஏதாவது ஒரு சமயம் இந்த வைரஸ் வந்து போகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரண்டு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடும். மீதிப் பேருக்கு அது தங்கிவிடும். அப்படித் தங்கினால் கர்ப்பப்பை வாயின் செல்கள் மெல்ல மாறத் தொடங்கலாம். அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டால், வழக்கமாக 15 முதல் 20 வருடத்தில் புற்றுநோயாகலாம். அதாவது நம் கையில் நிறைய நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தை விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். தடுக்க முடியாத நோய் இல்லை இது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுள்ள பெண்களின் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிற இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததிலேயே இந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. ஆகவே பாசிட்டிவ் என்று வந்தால் அழுவதற்கு முன்னால் அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள். கால்போஸ்கோபி என்பார்கள். உருப்பெருக்கி வழியாகக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது. பத்துப் பதினைந்து நிமிட வேலை.

கல்யாணமாகி 16 வருஷம் ஆச்சு. அவரைத் தவிர யாரையும் தெரியாது. எனக்கு எப்படி வந்துச்சு?

பெண்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். கேட்கிறவர் பேச்சில் கோபம் இருக்காது, அவமானம்தான் இருக்கும். தன்னை யாரோ தப்பாக எழுதிவிட்ட மாதிரி. அம்மா, ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தாலும் இந்த வைரஸ் வரும். அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு உறவு இருந்திருக்கலாம். ஒரே ஒரு முறை நடந்ததாகக்கூட இருக்கலாம். அப்போது வந்த வைரஸ் அவருக்கும் தெரியாமல் அவரிடம் இருந்திருக்கும். வலியோ, அரிப்போ, காய்ச்சலோ எதுவும் தராது.

மேலே சொன்ன அதே திண்டுக்கல் மாவட்டத்தில் கிராமத்துத் திருமணமான பெண்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்கு எச்.பி.வி. இருந்தது. பல மேலை நாடுகளில் இளம் வயதில் அதிகமாக இருந்து பிறகு குறைந்துவிடும். இங்கே 20 வயதிலும் 50 வயதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. அதனால் உங்கள் தெருவில் இன்னும் எத்தனையோ வீட்டில் இது இருக்கிறது. டெஸ்ட் எடுத்ததால் உங்களுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கல்யாணத்துக்கு முன் தங்களுக்கே ஒரு உறவு இருந்திருக்கும். சிலருக்குச் சின்ன வயதில் யாரோ செய்த கொடுமை இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அந்தப் பழைய நினைவு எழும்பி வரும். அதை யாரிடமும் ஒப்புக்கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சிகிச்சைக்கு அந்த விவரம் தேவையும் இல்லை.

அப்போ அவர் இப்பவும் வெளியே போயிட்டு வர்றாருன்னு அர்த்தமா?

ரிப்போர்ட்டில் ஒரு தேதி இருக்கும். அது சாம்பிள் எடுத்த தேதி. வைரஸ் வந்த தேதி எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது, எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. எச்.பி.வி. உடம்பில் வருடக்கணக்கில், டெஸ்டில்கூடத் தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கும். பிறகு வயதாகி எதிர்ப்பு சக்தி சற்றுத் தளரும்போது மறுபடி தலைகாட்டும். போன மாதம் வந்ததா, இருபது வருடம் முன்னால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இதையே திருப்பிப் போட்டுக் கணவர்களும் கேட்பார்கள். மனைவியின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் மாமனார் வீட்டில் பஞ்சாயத்து வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பெண் அதற்குப் பிறகு அடுத்த பரிசோதனைக்கு வரவே இல்லை. அது இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது. அந்தத் தாளில் அவருக்கு எதிராகவும் எதுவும் இல்லை, உங்களுக்கு எதிராகவும் எதுவும் இல்லை. நேர்மையாகச் சொன்னால், யாரையும் உத்தமர் என்று நிரூபிக்கவும் அந்தத் தாள் உதவாது. உங்களுக்கு வேறு காரணங்களால் சந்தேகம் இருந்தால் அதைத் தனியாகப் பேசுங்கள். இந்த ரிப்போர்ட்டைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

என் மனைவிக்கு வந்திருக்கு. நானும் டெஸ்ட் எடுத்துக்கணுமா?

நீங்களாக வந்து கேட்டதே பெரிய விஷயம். ஆனால் ஆண்களின் பிறப்புறுப்பில் எச்.பி.வி.யைக் கண்டுபிடிக்க அங்கீகரிக்கப்பட்ட டெஸ்ட் கிடையாது. ரத்தத்தில் தெரியாது, சிறுநீரில் பார்ப்பதும் நம்பகமில்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாலும், வந்த முடிவை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. உங்களுக்கும் இருக்கிறது, அல்லது ஏற்கெனவே இருந்து போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசில், மெக்சிகோ, அமெரிக்கா மூன்று நாடுகளிலும் ஆண்களைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வில் பாதிப் பேருக்கு இருந்தது.

உங்களுக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது. குளிக்கும்போது முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவுங்கள். தோல் பின்னால் வரவே இல்லை என்றாலோ, ஆறாத புண், கட்டி, மரு ஏதாவது இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஆண்குறிப் புற்றுநோயில் பாதிக்கு இந்த வைரஸ்தான் காரணம். அரிதான நோய்தான், ஆனால் வெட்கப்பட்டு மறைத்து முற்றவிடுகிற நோயும் அதுதான். அப்புறம் பீடி, சிகரெட்டை விடுங்கள். ஏன் என்று மாத்திரை பற்றிய கேள்வியில் சொல்கிறேன். மனைவியின் அடுத்த பரிசோதனைக்குக் கூடவே போய் வெளியே உட்கார்ந்திருங்கள்.

ரெண்டு பேருக்கும் இருந்தா, அவர்கிட்ட இருந்து எனக்கு, என்கிட்ட இருந்து அவருக்குன்னு மாறி மாறி வந்துட்டே இருக்குமா?

நல்ல கேள்வி. முழுசாக ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தம்பதியில் ஒருவரிடம் இருக்கிற வகையே மற்றவரிடமும் இருப்பது மிகச் சாதாரணம். கனடாவின் மாண்ட்ரியலில் புதிதாகச் சேர்ந்த ஜோடிகளைச் சோதித்தபோது, தற்செயலாக இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு ஜோடிகளிடம் ஒரே வகை இருந்தது. ஒரு வகையை உடம்பு அடக்கிய பிறகு அதே வகைக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். பெண்களுக்கு அது சற்று இருக்கும், ஆண்களுக்கு இன்னும் குறைவு. அதனால் அதே வகை மறுபடி தொற்றுவது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது.

நெதர்லாந்தில் 2003ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. கர்ப்பப்பை வாயில் ஆரம்ப மாற்றம் இருந்த பெண்களையும் அவர்களது துணைவர்களையும் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் காண்டம் போடச் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் காண்டம் போட்ட பிரிவில் 53 சதவீதப் பெண்களுக்கு மாற்றம் தானே சரியானது, போடாத பிரிவில் 35 சதவீதம். ஆண்களுக்கு இருந்த கண்ணுக்குத் தெரியாத தட்டையான புண்களும் சீக்கிரம் ஆறின. இருவரும் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்ப வைரஸைக் கொடுத்துக்கொள்வது குறைந்தால் உடம்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அப்போ இனிமே சேர்ந்து இருக்கக் கூடாதா?

தாராளமாக இருக்கலாம். பாசிட்டிவ் வந்ததும் தனித்தனியாகப் படுக்கத் தொடங்கி, ஒரு வருடம் கழித்து நெகட்டிவ் வந்த பிறகும் சேர முடியாமல் தவித்த தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். வைரஸ் செய்யாத கெடுதலை இந்த விலகல் செய்துவிடும். உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே இருக்கிறது என்றால் இனி ஒதுங்கி யாரைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

காண்டம் கட்டாயம் இல்லை. ஆனால் மேலே சொன்ன நெதர்லாந்து முடிவைப் பார்த்தால், மாற்றம் தெரிந்து கண்காணிப்பில் இருக்கிற மாதங்களில் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. காண்டம் மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும், அதனால் முழுப் பாதுகாப்பு கிடையாது. கர்ப்பப்பை வாயில் சிகிச்சை எடுத்திருந்தால் மட்டும் புண் ஆறும்வரை, சுமார் ஒரு மாதம், உறவு வேண்டாம். இதை டாக்டர் உங்களிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது என்பதால் நான் கணவர்களைக் கூப்பிட்டுச் சொல்வதுண்டு. இன்னொன்று, கிருமிநாசினி ஊற்றி உள்ளே கழுவாதீர்கள். வைரஸ் போகாது, தோல்தான் எரியும்.

இதுக்கு மாத்திரை ஒண்ணும் இல்லையா?

வைரஸைக் கொல்கிற மாத்திரையோ ஊசியோ இன்றுவரை இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யார் எதை விற்றாலும் காசைக் கொடுக்காதீர்கள். வைரஸ் உண்டாக்குகிற மாற்றத்துக்குத்தான் சிகிச்சை. லேசான மாற்றத்தைப் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். முற்றிய மாற்றமாக இருந்தால் அந்த இடத்தைச் சூட்டால் சுட்டுவிடுவார்கள், அல்லது குளிரூட்டி உறைய வைப்பார்கள், அல்லது மின்சாரக் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். வளைய சிகிச்சையை லீப் என்று சொல்வார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட்.

வைரஸை அடக்குவது உங்கள் எதிர்ப்பு சக்திதான். புகையிலை அதன் கையைக் கட்டிப்போடுகிறது. புகையிலையில் உள்ள நச்சுகள் கர்ப்பப்பை வாய்ச் சளியிலேயே கண்டறியப்பட்டிருக்கின்றன. நம் ஊர்ப் பெண்கள் புகைப்பது குறைவு, ஆனால் வீட்டுக்குள் கணவர் ஊதுகிற புகையை அவர்களும்தான் சுவாசிக்கிறார்கள்.

அவருக்கு அந்த இடத்தில மரு இருக்கு. எனக்கு டெஸ்டில் பாசிட்டிவ். அவர் மருதான் எனக்குப் புற்றுநோயாகுமா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மருவை உண்டாக்குவது பெரும்பாலும் 6, 11 என்ற வகைகள். பத்தில் ஒன்பது மருக்களுக்கு இவைதான் காரணம், இவை புற்றுநோயை உண்டாக்குகிற வகைகள் இல்லை. உங்களுக்கு எடுத்த டெஸ்ட் தேடுவது 16, 18 போன்ற ஆபத்தான வகைகளை மட்டும். மருவின் வைரஸை அந்த டெஸ்ட் பார்ப்பதே இல்லை. ஆகவே அவரது மரு வேறு, உங்கள் பாசிட்டிவ் வேறு. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று வகை சேர்ந்திருப்பதும் உண்டு.

மருவுக்கு மேலே தடவுகிற மருந்து, உறைய வைப்பது, சுடுவது என்று வழிகள் இருக்கின்றன. தோல் டாக்டரிடம் காட்டுங்கள். கால் ஆணிக்கு வாங்கி வைத்த மருந்தை அங்கே தடவாதீர்கள், வெந்துபோய் வந்தவர்கள் உண்டு. சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதங்களில் மறுபடி முளைப்பது சகஜம். சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைத்து விட்டுவிட வேண்டாம்.

இப்போ தடுப்பூசி போட்டுக்கிட்டா இது போயிடுமா?

போகாது. தடுப்பூசி புதிதாக வருவதைத் தடுக்கும், வந்துவிட்டதை விரட்டாது. உங்களிடம் 16 இருந்தால் ஊசியால் 16 போகாது. இன்னும் வராத வகைகளுக்கு எதிராக ஓரளவு பயன் இருக்கும், அதை உங்கள் வயதைப் பார்த்து டாக்டர் சொல்வார். அதே செலவில் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உங்கள் மகளுக்குப் போடுவேன்.

9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறப்பு, ஏனென்றால் வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிடும். புனேயில் உள்ள சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023 ஜனவரியில் வெளிவந்தது, பையன்களுக்கும் போடலாம். இந்த வயதுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்பது வழக்கம். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசியும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. அந்த முடிவுக்கு நம் நாட்டுப் பெண் பிள்ளைகளும் ஒரு காரணம். 2009ல் இங்கே இரண்டு ஊசியா மூன்று ஊசியா என்று ஒப்பிட ஓர் ஆய்வு தொடங்கியது, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உள்ள அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். 2010ல் தடுப்பூசி ஆய்வுகளை அரசு நிறுத்தியதால் சுமார் 5,000 பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தால், 16, 18 வகைகள் உடம்பில் தங்குவதை அந்த ஒரு ஊசியே 95 சதவீதம் தடுத்திருந்தது. முழுசாகப் போடாமல் விட்டுப்போன ஊசி பல நாட்டுப் பிள்ளைகளுக்கு வழி காட்டியது.

பாத்ரூம், துண்டு, சோப்பு எல்லாம் பிள்ளைங்களோட ஒண்ணாதான். அவங்களுக்கு வருமா?

அந்தக் கவலை வேண்டாம். நடைமுறையில் இது உடலுறவிலும் அதைச் சார்ந்த நெருங்கிய தொடுகையிலும் பரவுகிறது. பிள்ளைகளைக் கட்டிப்பிடியுங்கள், மடியில் தூக்கி வையுங்கள், ஒரே தட்டில் சாப்பிடுங்கள்.

குழந்தை உண்டாகியிருக்கேன். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆபத்தா?

பொதுவாக இல்லை. எச்.பி.வி. கரு தரிப்பதையும் தடுக்காது, இதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதும் இல்லை. கர்ப்ப காலத்தில் மரு சற்று வேகமாகப் பெரிதாகும், பிரசவத்துக்குப் பிறகு தானே சுருங்கும். மருவுக்குத் தடவுகிற மருந்துகளில் சில கர்ப்பத்தில் ஆகாது, அதனால் கர்ப்பம் என்பதைச் சொல்லிவிடுங்கள். தாயின் மரு வைரஸ் பிள்ளையின் குரல்வளையில் வளர்வது உண்டு, ஆனால் அது மிக மிக அரிது.

கர்ப்பப்பை வாயில் மாற்றம் இருந்தால் கால்போஸ்கோபி செய்து பார்க்கலாம். புற்றுநோய் சந்தேகம் இல்லை என்றால் சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். பிரசவமானதும் பிள்ளை வேலையில் அந்தத் தேதியை மறந்துவிடுவதுதான் வழக்கம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற அட்டையிலேயே உங்கள் தேதியையும் எழுதி வையுங்கள்.

எதுக்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துடலாமே?

மாமியார்கள், அக்காமார்கள் சொல்கிற யோசனை இது. ரெண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு என்பார்கள். வைரஸ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. பெரிய அறுவை, அதற்கான ஆபத்துகள் உண்டு, வைரஸும் போகாது. எடுத்த பிறகும் யோனிச் சுவரில் அது இருக்கும். முற்றிய மாற்றம் இருந்து எடுத்தவர்கள் அதற்குப் பிறகும் பல வருடம் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும். மாத்திரை பற்றிய பதிலில் சொன்ன சின்ன சிகிச்சைகள் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

எனக்கு எச்.ஐ.வி.யும் இருக்கு. அவருக்கும் இருக்கு.

அப்படியானால் மேலே சொன்ன கால அளவுகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. எதிர்ப்பு சக்தி குறைந்திருந்தால் 15, 20 வருடம் ஆகிற மாற்றம் 5 முதல் 10 வருடத்தில் நடந்துவிடும். மற்றவர்கள் 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கினால் நீங்கள் 25லேயே தொடங்கி, 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

இருவரும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். அது எச்.ஐ.வி.யை அடக்கி எதிர்ப்பு சக்தியை மீட்டுக் கொடுக்கும், அந்த சக்திதான் எச்.பி.வி.யையும் அடக்கப் போகிறது. மாத்திரை வாங்கப் போகும்போதே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போது என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் சொல்லக் காத்திருக்க வேண்டாம்.

போன தடவை நெகட்டிவ், இந்தத் தடவை பாசிட்டிவ். இப்பவாவது அவர்மேல சந்தேகப்படலாமா?

இதற்குப் பதில் நான்காவது கேள்வியிலேயே இருக்கிறது. நெகட்டிவ் என்றால் வைரஸ் இல்லவே இல்லை என்றும் இருக்கலாம், டெஸ்டில் சிக்காத அளவுக்கு அடங்கியிருக்கிறது என்றும் இருக்கலாம். மாதவிடாய் நிற்கிற வயதில், ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கும்போது, பழையது மறுபடி தெரியும். புதிதாக வந்ததற்கும் வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட டெஸ்ட் இல்லை. அடுத்து செய்ய வேண்டியதும் இரண்டுக்கும் ஒன்றேதான், கால்போஸ்கோபி.

வீட்டுக்காரர்கிட்ட இதை எப்படிச் சொல்றது?

இதற்கு ஒரே பதில் கிடையாது, வீட்டுக்கு வீடு மாறும். அடிக்கிற கணவர், சந்தேகப் பிராணி, குடித்துவிட்டு எல்லோர் முன்னாலும் கத்துகிறவர் என்றால் உடனே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரிடம் சொல்லாவிட்டாலும் உங்கள் சிகிச்சை நடக்கும். முதலில் உங்கள் பரிசோதனையை முடியுங்கள். அம்மாவோ அக்காவோ நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மற்றபடி சொல்வது நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொல்கிற வரிசை முக்கியம். “எனக்கு உங்ககிட்ட இருந்து வந்த வைரஸ் இருக்கு” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே சண்டையாகிவிடும். “கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் ஒரு வைரஸ் தெரிஞ்சிருக்கு, நிறையப் பேருக்கு வந்து போறதாம், எப்ப வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாதாம், அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு பரிசோதனை, கூட வாங்க” என்று சொன்ன ஒரு பெண் எனக்கு நினைவில் இருக்கிறார். ஒரே மூச்சில் சொன்னாராம். கணவர் வந்தார். வெளியே உட்கார்ந்து இந்தப் பக்கத்தில் இருக்கிற பாதிக் கேள்விகளை என்னிடம் கேட்டார்.

நேரில் சொல்ல வரவில்லை என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், டாக்டரோ நர்ஸோ சொல்வோம். உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் ரிப்போர்ட்டை அவரிடம் நாங்கள் சொல்லக் கூடாது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம். இப்போ மறுமணம் பேசுறாங்க. இதை வரப்போறவர்கிட்ட சொல்லியே ஆகணுமா?

ஒரு முறைதான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, ஆனால் கேட்டவரின் முகம் மறக்கவில்லை. எல்லோருக்கும் வந்து போகிற வைரஸ் என்பதால், பழைய பாசிட்டிவை மாப்பிள்ளை வீட்டில் அறிவிக்க வேண்டும் என்று எந்த மருத்துவ விதியும் இல்லை. வரப்போகிறவருக்கும் ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தால் அவரிடமும் ஏதோ ஒரு வகை இருக்க வாய்ப்பு அதிகம். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அப்போதும் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இது. முதலில் மறுபடி ஒரு டெஸ்ட் எடுங்கள், நான்கு வருடத்தில் போயிருக்கலாம். நெகட்டிவ் என்றால் டாக்டர் சொல்கிற இடைவெளியில், பெரும்பாலும் ஐந்து வருடத்தில், அடுத்த பரிசோதனை. இன்னும் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி செய்து, மாற்றம் இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே சிகிச்சையை முடித்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசு. பெரியவர்கள் நடுவில் வேண்டாம், நேரில் ஒரு முறை அவரோடு தனியாகப் பேசும்போது சொல்லலாம். அந்தப் பெண் ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டெஸ்டை அன்றைக்கே எடுக்க முடியுமா என்று கேட்டார்.